ஊர் நடுவே ஓர் ஆய்வுக்கூடம்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வளரும் நாடு ஒன்றில் மருத்துவமும் பொருளியலும் சந்திக்கும் இடத்தில் பட்ட மேற்படிப்பு மாணவர் செய்யத்தக்க ஆய்வு யாது என்பதே இவ்வுரையின் பொருள். தலைப்பைக் கேட்டவுடன், இது டெல்லியிலோ கடல் கடந்த பல்கலைக்கழகங்களிலோ நடக்கும் காரியம் என்று தோன்றுவது இயல்பு. அப்படி எண்ண வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் புறப்படும் பேருந்து அரைமணி நேரத்திற்குள் சின்னாளபட்டியை அடைந்துவிடும். இந்தியாவில் இவ்வகை ஆய்வு வேர்விட்ட ஊர்களுள் அதுவும் ஒன்று.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானத்தை நான்காக வகுத்துச் சொல்லும் மரபு இங்குள்ள எல்லா இல்லங்களிலும் தெரிந்ததே. ஒருவருக்கு மருந்து கொடுப்பது ஔடத தானம். அம்மருந்து அந்நோயை உண்மையில் தீர்க்கிறதா, ஏழையின் கைக்கு எட்டுகிறதா என்று ஆராய்ந்து, கண்டறிந்ததைப் பொதுவில் வைப்பது எந்தத் தானத்தில் சேரும்? ஔடதத்திலும் சேரும், சாத்திரத்திலும் சேரும் என்று கொள்வதில் பிழையில்லை. அவ்வளவோடு அதனை நிறுத்திக்கொண்டு செய்திக்கு வரலாம்.

டாக்டர் சௌந்தரம் அம்மையாரை இம்மாவட்டத்தில் அறியாதார் இலர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையிலேயே கைம்மை எய்தியவர். அக்காலத்து வழக்கப்படி வீட்டின் பின்கட்டில் ஒடுங்கிவிடாமல், டெல்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1940இல் ஜி. இராமச்சந்திரனை மணந்தார்; காந்தியடிகளின் ஆசியோடு நடந்த திருமணம் அது. 1947இல் இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவினர். சின்னாளபட்டியில் இரண்டு படுக்கைகளோடு தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆத்தூர், வேடசந்தூர்த் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினராகவும், திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினராகவும், நடுவண் அரசின் கல்வித் துணை அமைச்சராகவும் அவர் இருந்தது பலரும் சொல்லும் செய்தி. அவரது மருத்துவப் பணி ஆய்வாக மாறிய கதையைச் சொல்வோர் குறைவு.

கிராமத்தில் மருத்துவமனை வைத்த எவரும் சில மாதங்களில் ஒன்றைக் காண்பர். குழந்தையின் வயிற்றுப்போக்கு மருந்தால் நிற்கிறது. குழந்தை வீட்டிற்குச் சென்று அதே கிணற்று நீரைக் குடித்து மறுபடி வருகிறது. தறியில் குனிந்து இருமும் நெசவாளிக்கு ஓய்வெடுக்கச் சொன்னால், ஓய்வெடுத்த நாளுக்குக் கூலி யார் தருவார் என்று கேட்கிறான். மருத்துவரின் நாடிக்குழல் அங்கே பயன்படாது. கிணற்றின் ஆழம், கூலியின் அளவு, பிள்ளைகளின் எண்ணிக்கை, கடனுக்கான வட்டி ஆகியவற்றை அறிந்தாலன்றி அந்நோயாளியை அறிய முடியாது. பொருளியல் மருத்துவத்திற்குள் நுழையும் வாயில் இதுதான்.

1959இல் இந்திய அரசு, சென்னை மாகாண அரசு, அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை ஆகியவற்றின் துணையோடு ஆத்தூர் ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு முன்னோடி நலவாழ்வுத் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த ஒன்றியம் அது. அங்கு எழுப்பப்பட்ட கேள்வி எளியது, ஆனால் கூரியது. அரசின் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாய்க்கும் பணியாளரையும் பணத்தையும் கொண்டே ஒரு வட்டாரத்தின் நலவாழ்வை எவ்வளவு உயர்த்த முடியும்? அயல்நாட்டு நிதி உள்ளது, ஆகவே மாளிகை கட்டுவோம் என்று அவர்கள் புறப்படவில்லை. ஓரிடத்தில் வெற்றி பெறுவது மற்ற நூறு இடங்களிலும் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவர்களது நிபந்தனை. ஆகவே கணக்கெடுப்பு முதலிடம் பெற்றது. வீடுவீடாகச் சென்று பிறப்பும் இறப்பும் பதிவு செய்யப்பட்டன. செவிலியர் எத்தனை வீடுகளுக்குச் சென்றார், எத்தனை தாய்மார் கருவுற்ற காலத்தில் பரிசோதிக்கப்பட்டனர் என்பன எழுதப்பட்டன. 1964இல் இத்திட்டமே ஊரக நலவாழ்வு, குடும்ப நல நிறுவனமாக உருப்பெற்றது. 'ஆத்தூர் அனுபவம்' என்ற பெயரில் அதன் முடிவுகள் உலகெங்கும் படிக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்குள் அவ்வட்டாரத்தின் பிறப்பு வீதம் கண்கூடாகக் குறைந்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஆத்தூரில் எண்கள் அறிவதற்காக எடுக்கப்பட்டன. பிற்காலத்தில், குறிப்பாக 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில், நாட்டின் பல பகுதிகளில் அதே எண்கள் இலக்குகளாயின. இலக்கை நிறைவேற்ற எளிய மக்கள் விருப்பமின்றி அறுவைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். ஆய்வாளன் வரைந்த அட்டவணை அதிகாரியின் கையில் என்னவாகும் என்பதையும் ஆய்வாளன் எண்ணிப்பார்க்க வேண்டும்.

காந்திகிராமத்திலிருந்து சென்னைக்குச் செல்வோம். 1956இல் காசநோய் வேதியியல் மருத்துவ மையம் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்டது. பின்னர் அது காசநோய் ஆராய்ச்சி மையமாகி, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். மதனப்பள்ளி, தாம்பரம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுத்திருந்து, பாலும் முட்டையும் உண்டு, நல்ல காற்றைச் சுவாசித்தால்தான் பிழைக்கலாம் என்பது நம்பிக்கை. நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகையோ பல இலட்சம்; படுக்கைகளோ சில ஆயிரம். ஐசோநயாசிட் போன்ற மருந்துகள் அப்போது வந்துவிட்டன. நோயாளியை வீட்டிலேயே வைத்து அம்மருந்துகளைக் கொடுத்தால் குணமாகுமா என்ற கேள்வியை வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவரும் இந்திய மருத்துவர்களும் எழுப்பினர்.

ஆய்வின் அமைப்பு எளிமையானது. சென்னையின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள், இருநூறுக்குச் சற்றுக் குறைவானோர், குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓராண்டு. மற்றப் பிரிவினர் தம் குடிசையில், தம் வழக்கமான உணவோடு, ஓராண்டு. மருந்து இருவர்க்கும் ஒன்றே. 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்கச் செய்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தார்க்கு நோய் தொற்றியதும் சானடோரியப் பிரிவினரின் குடும்பத்தாரைவிட மிகுதியில்லை. ஒரு நாட்டின் வரவு செலவையே மாற்றிய கண்டுபிடிப்பு இது. கட்டடத்திற்குச் செலவிட்டிருக்க வேண்டிய பணத்தை மருந்துக்குச் செலவிடலாம் என்றாயிற்று. உலகின் செல்வ நாடுகளும் தத்தம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்குச் சென்னைக் குடிசைகளில் பெற்ற இம்முடிவும் ஒரு காரணம்.

மருந்து கிடைத்தும் நோயாளி ஏன் வரவில்லை என்பது அடுத்த கேள்வி. பெங்களூர்த் தேசியக் காசநோய் நிறுவனத்தில் பணியாற்றிய டி. பானர்ஜி மருத்துவம் கற்றபின் மானிடவியலும் கற்றவர். அவரும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் செய்த ஆய்வு 1963இல் வெளியாயிற்று. கிராமத்தார்க்கு அறியாமை மிகுதி, நோயை உணரமாட்டார், மருத்துவரை நாடமாட்டார் என்று படித்தவர் பலரும் அந்நாளில் பேசிவந்தனர். ஆய்வு கண்டது வேறு. காச நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் தம் நோய்க்குறியை உணர்ந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் அரசு மருத்துவ நிலையங்களுக்குச் சென்றும் இருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்துப் புட்டி ஒன்று. சளியைச் சோதித்துப் பார்ப்பார் இல்லை. குற்றம் யாருடையது என்ற கேள்விக்கு அதுவரை சொல்லப்பட்ட விடை அன்று தலைகீழாயிற்று. ஊரார்க்கு அறிவூட்டப் புறப்படும் ஒவ்வோர் ஆய்வு மாணவரும் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு இதுவே.

1999இல் அதே சென்னை மையத்தார் வேறொரு கணக்கெடுத்தனர். காசநோய் ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு செலவு வைக்கிறது? மருந்து இலவசம்தானே, செலவு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். 304 நோயாளிகளை வினவியபோது தெரிந்தது இது: சராசரியாக மூன்று மாதக் கூலி இழப்பு, நோயுற்ற தாயால் பிள்ளைகளைப் பேண முடியாமை, பள்ளியில் படித்த பிள்ளைகளுள் ஐந்தில் ஒரு பங்கினர் படிப்பை விட்டமை. நுரையீரலில் உள்ள கிருமி ஒரு சிறுமியின் பள்ளிப்பையைப் பறித்துக்கொண்டது என்பதை எந்த எக்ஸ்ரே படமும் காட்டாது. கேட்டறிந்தவர்தாம் காட்ட முடியும்.

இக்கதை அண்மைக் காலம்வரை தொடர்கிறது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 காச நோயாளிகளின் குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் அனைவர்க்கும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. அவர்தம் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருள் ஒரு பிரிவினர்க்கு மட்டும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்ணூட்ட மாத்திரை ஆகியவை கூடுதலாக வழங்கப்பட்டன. அவ்வாறு பெற்றோரிடையே புதிதாகக் காசம் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. 2023இல் வெளியான இவ்வாய்வில் சென்னை நிறுவனத்தார்க்கும் பங்குண்டு. சிலர் இங்கே முரண்பாடு காண்பர். 1959இல், சிறப்புணவு இல்லாமலே குணமாகும் என்றார்கள். இப்போது உணவே நோயைத் தடுக்கும் என்கிறார்களே என்பர். முரண்பாடு இல்லை. வந்த நோயைத் தீர்ப்பது மருந்து. நோய் வராமல் உடலைக் காப்பது உணவு. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். கேள்வியைப் பிரித்தறிவது ஆய்வின் பாதி.

ஓரிடத்து விடை மற்றோர் இடத்திற்குப் பொருந்தும் என்று விரைந்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு வைட்டமின் 'ஏ' நல்ல சான்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரகமத்துல்லாவும் அவர் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடையே செய்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவாக இருந்தது. கண்ணுக்காகத் தரப்பட்ட சத்து உயிரையே காத்தது என்று உலகம் பாராட்டியது. 2013இல் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் குழந்தைகளிடையே ஆறு மாதத்திற்கொரு முறை பெரிய அளவாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானபோது, இறப்புக் குறைவு 4 விழுக்காடு அளவே. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்னும்படியானது. அளவு வேறு, காலம் வேறு, குழந்தைகளின் ஊட்டநிலை வேறு. எது காரணம் என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். விழுக்காடுகளை மட்டும் மனப்பாடம் செய்து மேடையில் முழங்குவோர்க்கு இச்செய்தி உவக்காது.

இனித் திண்டுக்கல்லின் சொந்தக் கதை. பூட்டுக்குப் பெயர்பெற்ற இவ்வூர் தோலுக்கும் பெயர்பெற்றது. ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை; பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை வந்தது. கெடாமல் இருக்க உப்பிட்டு வரும் தோல் முதலில் ஊறவைத்துக் கழுவப்படுகிறது. அவ்வுப்பெல்லாம் கழிவுநீரில் சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் அழுகும் பொருளை நீக்கலாம்; கரைந்த உப்பை நீக்குவது எளிதன்று, செலவு மிகுந்தது. அந்நீர் குளத்திலும் ஓடையிலும் தேங்கி நிலத்தடிக்கு இறங்கியது.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பை இந்தியச் சட்டம் பயில்வோர் எல்லோரும் அறிவர். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. அத்தீர்ப்பில் திண்டுக்கல் இடம்பெற்றதைப் பலர் அறியார். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கிணறுகள் கெட்டுவிட்டன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடக்கின்றனர் என்பது அக்கணக்கு. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் நீர் செலவாவதும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. தோல் தொழில் அந்நியச் செலாவணியை ஈட்டித் தருகிறது, பலர்க்கு வேலை தருகிறது. ஆயினும் சூழலைக் கெடுக்கவோ மக்கள் உடல்நலத்திற்குத் தீங்கு விளைக்கவோ அதற்கு உரிமையில்லை என்றது நீதிமன்றம். வடார்க்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். ஆகிய ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பை மதிப்பிட்டு ஈட்டுத்தொகை வழங்கத் தனி ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது.

தோல் வணிகத்தை அறவே விலக்கிய குடும்பங்கள் இதனைத் தமக்குத் தொடர்பற்ற செய்தியாகக் கருதலாம். நிலத்தடி நீர் யார் எத்தொழில் செய்கிறார் என்று விசாரித்துப் பாய்வதில்லை.

பொருளியல் மாணவர்க்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஏற்றுமதியாகும் தோலின் விலை நாட்டின் கணக்கேட்டில் வருமானமாகப் பதிவாகிறது. கெட்டுப்போன கிணறு எந்த ஏட்டிலும் செலவாகப் பதிவாவதில்லை. கிணற்றின் உரிமையாளன் மட்டும் அறிவான். தென்னை காய்ப்பது குறைந்ததை, மாட்டுக்குத் தண்ணீர் விலைக்கு வாங்கியதை, அந்த ஊரில் பெண் கொடுக்கத் தயங்கியதைக் கணக்கிட்டால் அத்தோலின் உண்மை விலை தெரியும். மருத்துவ மாணவர்க்கோ பாடம் இன்னும் கடினம். கிணறுகளை எண்ணிவிடலாம். அந்நீரைப் பருகியோர் உடலில் நேர்ந்ததை எண்ணுவது எளிதன்று. பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறன் குரோமியம் நச்சுத்தன்மை குறைந்தது. ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைப்பது. நீரில் எது, எவ்வளவு என்று முதலில் அறிய வேண்டும். பிறகு, மற்ற எல்லாவற்றிலும் ஒத்து நீர் மட்டும் வேறுபடும் ஓர் ஊரை ஒப்பீட்டுக்குத் தேட வேண்டும். நீர் கெட்ட ஊரிலிருந்து வசதியுள்ளோர் முதலில் வெளியேறிவிடுவர்; எஞ்சியோர் வறியோர். அவர்களிடம் நோய் மிகுதியாகக் காணப்பட்டால் அது நீரால் வந்ததா வறுமையால் வந்ததா? விடை காண இரு துறையும் வேண்டும்.

நோயால் வறுமை வருவது இந்நாட்டில் எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு ஓர் எண் போதும். 2004-05ஆம் ஆண்டில் இந்தியாவில் மருத்துவத்திற்குச் செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 69 ரூபாய்க்கு மேல் மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர் என்று தேசிய நலவாழ்வுக் கணக்கு சொல்கிறது. 2021-22இல் அது 39 ரூபாயாகக் குறைந்துள்ளது. குறைவு பெரிது, மகிழத்தக்கது. ஆயினும் அந்த 39 ரூபாய் யார் கையிலிருந்து, எந்த நகையை அடகு வைத்து வந்தது என்று சராசரி சொல்லாது. ஆய்வு மாணவர் சென்று கேட்க வேண்டிய இடம் அது.

கேட்பது எப்படி என்பதில்தான் பெரும்பாலான ஆய்வேடுகள் தடுமாறுகின்றன. தமிழ் கற்றோர் இதில் உதவ முடியும் என்பதால் சற்று விரித்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் எழுதிய வினாப்பட்டியலை அகராதியை வைத்து மொழிபெயர்த்து, "கடந்த பதினைந்து தினங்களில் தாங்கள் பிணியுற்றீர்களா?" என்று கேட்டால், ரெட்டியார்சத்திரத்துக் களையெடுக்கும் பெண் இல்லை என்றே சொல்வார். "மேலுக்குச் சுகமில்லாம படுத்தீங்களா? வேலைக்குப் போகாம நின்னீங்களா?" என்று கேட்டால் விடை வேறாக வரும். பிணி, நோய், சீக்கு, உடம்பு சரியில்லாமை ஆகியன அகராதியில் அண்டை வீட்டாராக இருந்தாலும் மக்கள் வாயில் ஒரே பொருளைத் தருவதில்லை. சீக்கு என்றால் பெரிய நோய். காய்ச்சலும் தலைவலியும் சீக்கில் சேரா. மூட்டுவலியை வயதின் கணக்கில் எழுதிவிட்டு நோயின் கணக்கிலிருந்து நீக்கிவிடுவர் முதியோர். பெண்கள் தம் உடற்குறைகளை ஆண் மாணவரிடம் சொல்லவே மாட்டார்கள். மாமியார் உடனிருந்தால் பெண் மாணவரிடமும் சொல்ல மாட்டார்கள்.

ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது அடுத்த தவறான கேள்வி. மாதச் சம்பளம் வாங்குவோர்க்கே அது பொருந்தும். நாட்கூலிக்காரரிடம் சென்ற வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, ஒரு நாளைக்கு என்ன கூலி என்று கேட்க வேண்டும். நினைவின் எல்லையையும் மதிக்க வேண்டும். அதனால்தான் தேசிய மாதிரி ஆய்வில் சிறு நோய்களைப் பற்றி 15 நாட்களுக்கும், மருத்துவமனையில் தங்கியதைப் பற்றி ஓராண்டிற்கும் கேட்கின்றனர். மருத்துவமனையில் படுத்ததை ஒருவர் ஓராண்டில் மறப்பதில்லை. சளிக்கு வாங்கிய மாத்திரையின் விலையைப் பதினைந்து நாளில் மறந்துவிடுவர்.

கேட்பதற்கு முன் ஒப்புதல் பெறுவதும் ஒரு கடமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கான நெறிமுறைகளை வகுத்து, அவ்வப்போது திருத்தியும் வெளியிட்டுள்ளது. 2017இல் வந்தது அண்மைக் காலத்தது. படிக்கத் தெரியாதவரிடம் நான்கு பக்கத் தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. வேண்டாம் என்று சொன்னாலும் ரேசன் அட்டைக்கோ மருத்துவமனை மருந்துக்கோ தீங்கு வராது என்பதை அவர் நம்பும்படி சொல்லியாக வேண்டும். ஆய்வு முடிந்தபின் கண்டதை அவ்வூரார்க்குத் திரும்பச் சென்று சொல்லும் மாணவர் மிகச் சிலர். பட்டம் கிடைத்ததும் ஊர் மறந்துபோகிறது. ஒரே ஊரில் ஐந்து பேர் வந்து ஐந்து முறை அதே கேள்விகளைக் கேட்டுச் சென்றால், ஆறாவது வருபவரிடம் வீட்டார் என்ன முகத்தைக் காட்டுவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இம்மாவட்டத்தில் ஆராயத்தக்கவை குறைவில்லை. வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைகளில் பருத்தித் தூசியைச் சுவாசிக்கும் இளம்பெண்களின் நுரையீரல். நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களில் மருந்தடிப்போரின் தோலும் கண்ணும். கொடைக்கானல், சிறுமலைப் பகுதிகளில் கருவுற்ற பெண் மருத்துவமனையை அடைய ஆகும் நேரமும் வாடகையும். சர்க்கரை நோய்க்கு அரசு மாத்திரை கிடைத்தும் தனியார் கடையில் வாங்குவோர் அவ்வாறு வாங்கும் காரணம். ஒவ்வொன்றும் ஓராண்டில், ஒரு மாணவர், ஒரு மிதிவண்டியோடு செய்யக்கூடிய ஆய்வு. தொண்ணூறு வீடுகளை நேர்மையாகக் கேட்டெழுதிய ஆய்வேடு, தொள்ளாயிரம் வீடுகளைக் கேட்டதாகச் சொல்லும் ஆய்வேட்டைவிட மேலானது.

படிப்பதற்கு இடமும் இருக்கிறது. 1956இல் ஊரக நிறுவனமாகத் தொடங்கி 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமம் கைக்கெட்டும் தொலைவில். சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தில் பொதுநலவாழ்வில் முதுநிலைப் படிப்பு உண்டு. திருவனந்தபுரத்து அச்சுத மேனன் மையம், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, மும்பை மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், பொருளியலுக்குச் சென்னைப் பொருளியல் பள்ளி எனப் பட்டியல் நீளும். மருத்துவர் மட்டுமே சேரலாம் என்பதில்லை. புள்ளியியல், பொருளியல், சமூகவியல் கற்றோர்க்கும் இவற்றுள் பலவற்றில் இடமுண்டு. பொறியியலில் இடம் கிடைக்காவிட்டால் பார்க்கலாம் என்று பெற்றோர் இதனை ஒதுக்கிவைப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. சம்பளம் தொடக்கத்தில் குறைவு என்பது உண்மைதான், அதை மறைப்பதற்கில்லை.

அந்த 13 கிராமங்களுக்கு மீண்டும் ஒருவர் சென்று பார்க்கலாம். தீர்ப்பு வந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆகின்றன. 350 கிணறுகளுள் எவை மீண்டன, எவை தூர்ந்தன, எவற்றின் மேல் வீடு எழும்பிவிட்டது என்று அறிய, நீரின் உப்பளவைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றும், கழுவிய புட்டிகளும், ஒரு குறிப்பேடும் போதும். கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப்பின் ஒரு முறை. கிணற்று மேட்டில் அமர்ந்திருக்கும் முதியவரிடம், இந்நீர் முன்பு எப்படி இருந்தது என்று கேட்டால் அவர் நெடுநேரம் பேசுவார். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.